முதிரைத் தளம் முடியாத கதை

மட்டக்களப்பில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. சட்டத்தில் அப்படி இல்லை, வழக்கத்தில் உண்டு. பிறந்த வீடு அம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போகும். கல்யாணம் முடித்துப் போகும் வீடு மனைவியுடையது. இடையில் அவன் கிணறு வெட்டுவான், வேலி கட்டுவான், ஓடு மாற்றுவான்; பிறகு கைகழுவிவிட்டுச் சாப்பிடக் கூப்பிடும் வரை காத்திருப்பான். தமிழரிலும் இப்படித்தான், பக்கத்து ஊர் முஸ்லிம்களிலும் இப்படித்தான். வேறு பலவற்றில் ஒத்துப்போகாத இரண்டு சனமும் இதில் மட்டும் ஒரே குரலில் நின்றன. இந்த ஏற்பாட்டில் யாரும் பெரிய குறை கண்டதில்லை, மனைவி உயிரோடு இருக்கும் வரை.

அழகரத்தினம் களுவாஞ்சிக்குடியில் பிறந்தவர். தொழில் ஓடாவி; தச்சுவேலையில், அதிலும் வாவித் தோணி கட்டுவதில் பெயர் எடுத்தவர். மனைவி செல்லத்தங்கத்தின் வீடு நாவலடியில் இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டுதான் நாவலடி. பிள்ளைகள் இல்லை. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில், அக்கா கண்ணகையின் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக் கிடக்கிறதென்று களுவாஞ்சிக்குடிக்குப் போனார். ஞாயிறு காலை, கதவைக் கழற்றி இழைத்துக்கொண்டிருந்தார். அதை மறுபடி மாட்டுவதற்குள் கடல் வந்து போய்விட்டது.

நாவலடிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, தன் வீடிருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டார். வேறு எதுவும் இல்லை. செல்லத்தங்கம் இல்லை. விற்கத் தயாராக நிறுத்தியிருந்த தோணிகளும் இல்லை. தண்ணீரில் மிதக்கச் செய்யப்பட்ட பொருள்கள் எல்லாம் போய், தண்ணீர் இருக்கச் செய்த கிணறு மட்டும் மண் மூடிக் கிடந்தது.

"இஞ்சயே இரு தம்பி" என்றார் கண்ணகை. இருந்து பார்த்தார். அத்தான் மிகுந்த மரியாதையோடு நடத்தினார். சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பிக் கொடுத்தார். மீனில் நடுத்துண்டைத் தள்ளி வைத்தார். அழகரத்தினத்துக்கு அந்த மரியாதைதான் தாங்கவில்லை. பிறந்த வீட்டில் தான் விருந்தாளி என்பது அவருக்குத் தெரிந்த செய்திதான். அதை மூன்று நேரமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு கிழமையில் கல்லடிப் பக்கத்து முகாமுக்குத் திரும்பிவிட்டார்.

முகாமில் புது வீட்டுக்குப் பெயர் பதிந்தார்கள். குடும்பங்களுக்கு முதலிடம். தனியாள் குடும்பம் ஆகாது என்றார் பதிய வந்த பெண்பிள்ளை. குடும்பம் போனதால்தானே தனியாள் ஆனேன் என்று அழகரத்தினம் கேட்டார். அந்தப் பிள்ளை அதை முழுமையாக ஒப்புக்கொண்டு, அவர் பெயரைக் கடைசியில் போட்டது.

வீடு வரவில்லை. மெசின் வந்தது.

தொழில் இழந்தவர்களுக்குக் கருவி கொடுக்க வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வந்திருந்தது. மேசன்மாருக்குச் சாந்தகப்பை, தையற்காரருக்குத் தையல் மெசின். நீச்சல் தெரியாத ஒரு சலூன்காரருக்குக்கூடத் தோணி கிடைத்தது. ஓடாவிகளுக்கு ஆளுக்கொரு பெட்டி. மற்றவர்கள் பெட்டியில் வாளும் உளியும் இருந்தன. அழகரத்தினத்தின் பெட்டியை இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். உள்ளே, தையல் மெசினுக்கும் நெல்லு மில்லுக்கும் பிறந்த பிள்ளை போல ஒன்று, சில்லு வைத்து, கைபிடி வைத்து, பின்னால் ஒரு துணிப்பை தொங்க நின்றது.

"இது என்ன தம்பி?" என்று பெட்டி கொண்டு வந்த ஜெயரூபனைக் கேட்டார். நிறுவனத்தின் கள அலுவலர். கழுத்தில் அட்டை தொங்கும் வயது.

"மரவேலை மெசின் ஐயா. பலகைத் தளம் தேய்க்கிறது. அடியில உருளை இரிக்கி, அதுல சாண்ட்பேப்பர் சுத்தும். நீங்க பிடிச்சிக்கிட்டு நடந்தாச் சரி."

"பலகைத் தளம் எங்க தம்பி இரிக்கி?"

ஜெயரூபன் சுற்றிப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். அதன்மேல் நீலத் தறப்பாள் கூடாரங்கள். "இனி வரும் ஐயா" என்றான்.

முகாமுக்கு ஒரு மாதம் சிரிக்கக் காரணம் கிடைத்தது. "அழகரத்தினம் அண்ணன், உங்கட மெசின எடுத்து இந்த மணலக் கொஞ்சம் தேயுங்களன், வெள்ளம் வந்தா ஓடும்" என்பார்கள். அவர் மெசினில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். கதிரையாக அது நன்றாகவே இருந்தது.

தளம் கண்டுபிடித்துக் கொடுத்தவர் காத்தான்குடி அஹமட். அவருடைய ஹாட்வெயார் கடையில்தான் அழகரத்தினம் எப்போதும் தோணிக்கு ஆணி வாங்குவது.

"மச்சான், இந்தப் பக்கம் முழுக்கச் சீமெந்தும் களிமண்ணும்தான். ஆனா புளியந்தீவில ஒரு மாடிவீடு இரிக்கி. தபால் கந்தோருல இருந்து பென்சன் எடுத்த மிஸ்ஸிட வீடு. மேல முழுக்க முதிரைப் பலக. போன மாசம் காலுல மரச் சிலாம்பு குத்தி ஏறிட்டெண்டு எனக்கிட்ட சாண்ட்பேப்பர் கேட்டு ஆள் அனுப்பின."

"ஒல்லாந்தர் வீடா?"

"பழசு எண்டா எல்லாம் ஒல்லாந்தர் வீடுதான். எங்கட மாமியையும் ஒல்லாந்தர் காலமெண்டுதான் சொல்லுவன். போய்ப் பாரு."

வீடு சீதேவி மிஸ்ஸினுடையது. அவருடைய தாயின் தாய்க்குச் சீதனமாகக் கட்டப்பட்டு, மகளுக்கு மகள் என்று வந்து சேர்ந்தது. மிஸ்ஸுக்குக் கல்யாணம் அமையவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போகும் போதெல்லாம் ஏதாவது ஒரு கலவரம் வந்து பாதையை மறித்ததென்று உறவினர் சொல்வார்கள். வந்த மாப்பிள்ளைகளையும் மிஸ் மறித்தார் என்பதைச் சொல்லமாட்டார்கள். தங்கை லண்டனில் இருந்தாள். தங்கையின் மகள் பிரஷாந்திதான் இனி இந்த வீட்டுக்குரியவள். அவள் ஒருநாள் வருவாள், சிலாம்பு ஏறாத தளத்தில் நடக்கவேண்டும் என்பது மிஸ்ஸின் எண்ணம்.

அழகரத்தினம் மேலே ஏறிப் பார்த்தார். அகலமான பலகைகள். நடுவில் மிதிபட்டுக் குழிந்து, ஓரத்தில் கறுத்து, இடையிடையே பிளந்து நின்றன. வாவிப் பக்கத்து ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எதிரே ராணுவக் காவலரண் இருந்ததால் அவற்றைத் திறந்தால் கேள்வி வரும். அந்த அரையிருட்டில் விரல் நகத்தால் ஒரு பலகையைச் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே தேன் நிறம்.

"எவ்வளவு காலம் எடுக்கும் ஓடாவியார்?"

"ரெண்டு கிழம மிஸ்."

அவர் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் இதுதான். சொல்லும்போது அது உண்மையாக இருந்தது.

மெசினுக்கு ஒரே ஒரு விதி. உருளை சுற்றும் வரை நடந்துகொண்டே இருக்கவேண்டும். நிற்பதானால் முதலில் தூக்கிவிட வேண்டும். நின்றால் நின்ற இடத்தில் குழி பறிக்கும். முதல் நாள் அழகரத்தினம் அதை முடுக்கியதும் தெரு முழுக்க மின்விளக்குகள் மங்கின. எழும்பிய சத்தத்துக்குக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் ஓடி வந்து படியேறினான்.

"என்ன சத்தம்?"

"தளம் தேய்க்கிறன்."

"ஏன்?"

மெசின் ஓடிக்கொண்டிருக்க அழகரத்தினம் யோசித்தார். யோசிக்கும்போது மனிதன் நிற்பது இயல்பு. "வழுவழுப்பா வர" என்று ஒருவாறு சொல்லி முடித்தபோது ஜன்னலோரத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவு குழி விழுந்திருந்தது. சிப்பாய் குனிந்து, தேய்த்த இடத்தையும் தேய்க்காத இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அறை முழுக்க நடந்து சோதனை போட்டான். அந்த வீடு எத்தனையோ சோதனை கண்டது. வெறுங்காலோடு நடந்தது அது ஒன்றுதான்.

குழியை நிரப்ப முடியாது. மற்றத் தளம் முழுவதையும் குழியின் ஆழத்துக்கு இறக்கவேண்டும். ரெண்டு கிழமை ரெண்டு மாதமாயிற்று.

மெசினைத் தினமும் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர முடியாது. அதனால் அது மிஸ்ஸின் வீட்டில் தங்கியது. ஒரு நாள் திடீரென்று ஹர்த்தால். பாலம் வெறிச்சோடி, பஸ் இல்லை. "கீழ சைக்கிள் அறை சும்மாதான் கிடக்கு. இண்டைக்கு அதுல படுங்க ஓடாவியார்" என்றார் மிஸ். அடுத்த நாளும் ஹர்த்தால். மூன்றாம் நாள் ஹர்த்தால் இல்லை; அதை இரண்டு பேரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

முதிரை மரத்தின் தூளுக்கு ஒரு குணம் உண்டு, உடம்பில் பட்டால் சொறியும். அழகரத்தினம் பின்னேரங்களில் கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார். குளித்துவிட்டு வரும்போது சைக்கிள் அறை வாசலில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருக்கும். யார் வைத்தார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. வீட்டில் வேறு ஆளில்லை. கேட்கவுமில்லை.

தளம் முதல் முறை வெளிறிய தேன் நிறத்தில் வந்தது. அழுக்கு முழுக்கப் போய், பலகை பிறந்த பிள்ளை போலப் படுத்திருந்தது. அடுத்த நாள் வார்னிஷ் பூசினால் வேலை முடிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும் வீட்டின் மூலைக்கு மூலை மஞ்சள் தண்ணீர் தெளிப்பது மிஸ்ஸின் வழக்கம். சீமெந்துத் தரையில் அது காய்ந்து போகும். கறுத்த பழைய பலகையில் தெரியாது. தேய்த்துத் தோல் உரித்த பலகை அதைக் குடித்துவிட்டது. காலையில் அழகரத்தினம் ஏறிப் பார்த்தபோது, தளம் முழுவதும் மஞ்சள் புள்ளி.

"ஐயோ, என்ன இது ஓடாவியார்?"

"மஞ்சள், மிஸ். மரம் உறிஞ்சிட்டு. இனிப் போகாது. திரும்ப மெசின் இழுக்கோணும்."

இதைச் சொல்லும்போது தன் குரலில் துக்கம் போதாது என்று அவருக்கே தெரிந்தது. கூடக் கொஞ்சம் பெருமூச்சுச் சேர்த்தார். நேற்றிரவு முழுக்க அவர் யோசித்த விசயம் ஒன்றே ஒன்று. தளம் முடிந்தால் இந்த வீட்டில் அவருக்கு வேலையில்லை. வேலையில்லாத ஆம்பிளைக்கு இந்த வீட்டில் இடமில்லை. முகாமையும் கலைக்கத் தொடங்கியிருந்தார்கள். போக ஒரு இடம் என்றால் அத்தானின் சாய்மனைக் கதிரை.

அதன் பிறகு அவர் அவசரப்படவில்லை. தேய்த்த பலகைக்கு உடனே வார்னிஷ் பூசுவதுதான் முறை. அழகரத்தினம் காற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"இப்ப பூசலாமா ஓடாவியார்?"

"கச்சான் வீசுது மிஸ். தூசி ஒட்டும்."

மழை வந்தது. "ஈரம் மிஸ். வார்னிஷ் வெளுக்கும்." மழை விட்டது. "வாடக்காத்து. காயாது." மட்டக்களப்பில் இருக்கும் காற்றுகள் இவ்வளவுதான். எதுவும் வார்னிஷுக்குத் தோதுப்படவில்லை என்பதை மிஸ் கேட்டுக்கொண்டார். தபால் கந்தோரில் பொய்யான முகவரிகளை எத்தனையோ பார்த்தவர்.

அஹமட் விடுவாரா? "டேய் மச்சான், ஒல்லாந்தன் கோட்டையே கட்டி முடிச்சிருப்பான். நீ ஒரு தளம் முடிக்கல்ல."

"கோட்டை கல்லு. இது முதிரை."

"முதிரையோ, மிஸ்ஸோ?"

"நீ மூடிட்டு ஆணிய நிறு."

"கோவிக்காத. எனக்கு மட்டும் வீடிரிக்கா? பொஞ்சாதி கைறுன்னிஸாட வீட்டுலதான் நானும் இரிக்கன். எனக்கு அவ மெசின் தரல்ல, அவ்வளவுதான்."

இரண்டாயிரத்து ஏழில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சண்டை வலுத்தது. செல்லடிக்குத் தப்பி வாவியைக் கடந்து சனம் நகரத்துக்கு வந்தது. வெல்லாவெளியிலிருந்து மிஸ்ஸின் தூரத்து உறவுக் குடும்பமொன்று, பாயும் பானையும் கோழியுமாக வந்து, தேய்த்த தளத்தில் குடியேறியது. அடுப்புக் கீழே, மற்ற எல்லாம் மேலே. எண்ணெய் சிந்தியது. கோழியும் தன் பங்கைச் செய்தது. ஒரு குழந்தையும் அங்கேயே பிறந்தது. பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்கும் நாளில் மிஸ் மஞ்சள் தண்ணீரை வாளியோடு கொண்டுபோய்த் தளம் முழுக்க ஊற்றிக் கழுவினார். பிள்ளைத் துடக்கைக் கழுவாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். முடியாதுதான் என்றார் அழகரத்தினம். அந்தச் சனம் ஊர் திரும்பியபோது தளம் மணவறை நிறத்தில் இருந்தது.

மறுபடி தேய்த்தார். இந்த முறைதான் ஆணிகளைக் கண்டார்.

பழைய ஆணிகள். பலகைக்குள் ஆழப் புதைத்து அடித்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, ஆணித் தலைகள் மேலே வந்துகொண்டிருந்தன. சிலவற்றை அடித்து இறக்கினார். எல்லாவற்றையும் இறக்க முடியாது, பலகை பிளக்கும். அழகரத்தினம் தோணிக்காரர், பலகையின் கனம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தான் இங்கே இருப்பதற்காக மிஸ்ஸின் வீட்டை உரித்து உரித்துத் தின்றுகொண்டிருப்பது அன்று உறைத்தது. இதுவே தோணியாக இருந்தால் இந்நேரம் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். இன்னும் ஒரு தரம், கூடினால் இரண்டு தரம் தாங்கும். அதற்குமேல் தேய்க்கத் தளம் இராது.

வார்னிஷ் வாங்கி வந்து வைத்தார். காற்றுப் பார்க்கவில்லை. மெதுவாகக் கையாலே ஓரங்களைத் தேய்க்கத் தொடங்கினார். மாதங்கள் போயின. இடையில்தான் அந்தச் செய்தி வந்தது. பெயர்ப்பட்டியலின் கடைசி வரை வீடு கொடுத்து முடித்து, தனியாட்களுக்கு வந்துவிட்டார்களாம். திராய்மடுவில் அவருக்கு ஒரு வீடு. அவருடைய பெயரிலேயே.

"எனக்கு வீடு கிடைச்சிட்டு மிஸ்."

சீதேவி மிஸ் அரிசி களைந்துகொண்டிருந்தார். "நல்ல விசயம்தானே" என்றார். அரிசியை மறுபடி ஒரு தரம் களைந்தார். அன்றைய சோறு குழைந்துபோயிற்று.

சில நாளில் ஓரங்கள் முடிந்தன. மறுநாள் வார்னிஷ். காலையில் தூரிகையோடு ஏறிய அழகரத்தினம் படிவாசலிலேயே நின்றார். தளம் முழுக்க மஞ்சள். புள்ளியில்லை. வாளி வாளியாக, மூலை விடாமல்.

"மிஸ், பச்சப் பலகையில மஞ்சள் தண்ணி படப்படாதெண்டு சொன்னனே."

"மறந்து போயிட்டு ஓடாவியார். வெள்ளிக்கிழமையெல்லோ."

தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஒரு கடிதம் தவறவிடாத பெண்பிள்ளை. அழகரத்தினம் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். புதன்கிழமை. அவர் பார்த்ததை மிஸ்ஸும் பார்த்தார். சிறிது நேரம் இரண்டு பேரும் கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதில் ஏதோ நல்ல படம் இருப்பது போல.

"வெள்ளிக்கிழமதான் மிஸ்" என்றார் அழகரத்தினம்.

திராய்மடு வீட்டை அவர் போய் ஒரு தரம் பார்த்தார். சீமெந்துத் தளம், இரண்டு அறை, கதவுகள் காயாத பச்சைப் பலகை. பரம்பரையில் தன் பெயரில் வீடு வைத்த முதல் ஆம்பிளை அவர்தான். அந்தப் பெருமையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணகையின் இளைய மகள் விதுர்ஷாவுக்கு மாப்பிள்ளை சரிவந்திருந்தது. சீதனத்துக்கு வீடுதான் இல்லை. மாமன் வீட்டைக் கொடுத்தார். ஊர் அவரைப் புகழ்ந்தது. அத்தான் கண்கலங்கினார். அழகரத்தினம் மூன்று வருடம் வரிசையில் நின்று பெற்ற வீட்டை ஒரே நாளில் கொடுத்துவிட்டு, சைக்கிள் அறைக்குத் திரும்பினார்.

"வீடு என்ன மாதிரி ஓடாவியார்?"

"மருமகளுக்குக் குடுத்திட்டன் மிஸ்."

மிஸ் தலையை ஆட்டினார். "பலகைய எப்ப இழுக்கப் போறீங்க?"

"கச்சான் அடங்கட்டும்."

மட்டக்களப்பில் யுத்தம் இரண்டு தரம் முடிந்தது. கிழக்கில் முடிந்துவிட்டதென்று முதலில் அறிவித்தார்கள். ஜன்னலை யாரும் திறக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் மொத்தமாக முடிந்ததென்று மறுபடி அறிவித்தார்கள். தெருவில் சிலர் வெடி கொளுத்தினார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எதிரே காவலரணை எடுத்த பின் ஒருநாள் மிஸ் வாவிப் பக்கத்து ஜன்னல்களைத் தள்ளினார். துருப்பிடித்த பிணைச்சல் முனகித் திறந்தது. வாவி வெளிச்சம் தளத்தில் விழுந்தது.

அரையிருட்டில் நன்றாகத் தெரிந்ததெல்லாம் இப்போது வேறு விதமாகத் தெரிந்தது. மெசின் போன கோடுகள், கையால் தேய்த்த வளைவுகள், அங்கங்கே வெளிறிய மஞ்சள். ஆணிகள் நட்சத்திரம் போல மினுங்கின. நான்கு வருட வேலையின் முழுக் கோலமும் ஒரே பார்வையில். அழகரத்தினம் கண்ணைத் தாழ்த்தினார்; தாழ்த்தினாலும் அங்கே தளம்தான் இருந்தது.

லண்டனிலிருந்து பிரஷாந்தி பேசினாள். பாதை திறந்துவிட்டதாம், மாமாங்கத் திருவிழாவுக்கு அமிர்தகழிக்கு வருகிறாளாம், வீட்டையும் பார்க்கவேண்டுமாம்.

"இனி இழுத்தடிக்க ஏலா ஓடாவியார்" என்றார் மிஸ். இழுத்தடித்தது யார் என்று சொல்லவில்லை.

"ஒரு தரம்தான் தாங்கும் மிஸ். அதுக்குப் பிறகு பலக இல்ல."

"அப்ப ஒரு தரம் செய்யுங்க. சரியாச் செய்யுங்க."

செய்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, பலகை பிளக்காமல் ஒரு மயிரிழை இறக்கினார். நரம்போட்டத்தைப் பிடித்துச் சுவரிலிருந்து சுவருக்கு, நிற்காமல், மெசினுக்குப் பின்னால் நடந்தார். திரும்பும் இடத்தில் உருளையைத் தூக்கினார். ஒரு குழி விழவில்லை. யாரும் கேள்வி கேட்க மேலே வரவில்லை. மஞ்சள் போனது. அதற்கடியில் தேன் நிறத்தில், வெளிச்சத்துக்கு நெளியும் முதிரை வந்தது. தூளைத் துடைத்துவிட்டு அன்றே வார்னிஷ் பூசினார். கச்சான் வீசிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தூசி ஒட்டவில்லை. எல்லாம் ரெண்டு கிழமை எடுத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மிஸ் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து தெளித்தார். அது வார்னிஷில் உருண்டை உருண்டையாக நின்றது. துணியால் துடைத்ததும் போய்விட்டது. மிஸ் துணியைப் பிழிந்துகொண்டு சற்று நேரம் அங்கேயே குந்தியிருந்தார்.

பிரஷாந்தி வந்தாள். நல்ல பிள்ளை. பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தாள், வாவியைப் படம் எடுத்தாள், தளத்தில் காலுறையோடு நடந்து ஒருதரம் சறுக்கினாள்.

"வடிவா இருக்கு பெரியம்மா. ஆனா வழுக்குது. பேசாம டைல்ஸ் போட்டா என்ன?"

அழகரத்தினம் ஜன்னல் வழியே எங்கோ பார்த்தார்.

"போடலாம் மகள்" என்றார் மிஸ். "நான் கண்ண மூடின பிறகு."

திருவிழா முடிந்து அவள் போனாள். அடுத்த நாள் காலை அழகரத்தினம் சைக்கிள் அறையைக் கூட்டினார். பாயைச் சுருட்டினார். மெசினை வாசல் வரை உருட்டி வந்து நிறுத்தினார். அஹமட்டின் லொறி களுவாஞ்சிக்குடிப் பக்கம் போகிறது, ஏற்றிப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"வாறன் மிஸ்."

"எங்க?"

"அக்காட்ட. வேல முடிஞ்சிட்டெல்லோ."

சீதேவி மிஸ் மாடிப் படியின் அடியில் நின்றுகொண்டிருந்தார். கையால் கைபிடிக் கட்டையைத் தடவினார். "ஆர் முடிஞ்செண்டு சொன்ன? படி கிடக்கு."

அழகரத்தினம் படியைப் பார்த்தார். நான்கு வருடமாக ஏறி இறங்கிய படி. ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, கறுத்து, முனை மழுங்கிக் கிடந்தது.

"இது முதிரை இல்ல மிஸ். பாலை. இரும்பு மாதிரி. மெசினும் இதுல ஏறாது."

"ஏறாட்டிக் கையால தேயுங்க."

"அது கனகாலம் எடுக்கும்."

"உங்கள ஆரும் அவசரப்படுத்தினதா?" என்றார் மிஸ். சொல்லிவிட்டு, முகம் சிவந்து, குசினிக்குள் போய்விட்டார்.

வெளியே லொறி வந்து ஹோர்ன் அடித்தது. அஹமட் தலையை நீட்டினார். வாசலில் மெசின், அதன்மேல் சுருட்டிய பாய். பக்கத்தில் நின்ற அழகரத்தினத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"என்ன மச்சான், வாறயா இல்லையா?"

"சாண்ட்பேப்பர் இரிக்கா?"

"என்ன நம்பர்?"

"முரடு. நிறைய வேணும்."

அஹமட் சிரிக்கவில்லை. சிரித்தால் கதை முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். லொறியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனார்.

படிக்கட்டு வேலையில் மேல்படியில் தொடங்கிக் கீழே இறங்கி வருவதுதான் ஓடாவி முறை. கீழிருந்து தொடங்கினால், மேலே தேய்க்கும் தூளும் காலடியும் முடித்த படிகளிலேயே விழும். முடித்ததை மறுபடி தேய்க்கவேண்டும், அதை முடிக்கும்போது அடுத்தது கெட்டிருக்கும். தொழில் பழகும் எவருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

அழகரத்தினம் பாயைக் கொண்டுபோய்ச் சைக்கிள் அறையில் விரித்தார். பிறகு வந்து, ஆகக் கீழ்ப்படியின் முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார்.

பாலைத் தூள் சொறியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். பின்னேரம் கிணற்றடியிலிருந்து வந்தபோது வாசலில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்தது.